கொடாப்பும் இக்லூவும்

"கொடாப்பு!" என்றாள் பாப்பா.

அவள் விரல் வைத்த படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் 'இக்லூ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே தமிழில், 'பனிக்கட்டி வீடு'.

"இல்லடா கண்ணு, இது இக்லூ" என்றேன், ஒரு மாமாவுக்கு உரிய கம்பீரத்தோடு.

"இல்லீங் மாமா. கொடாப்பு. வாசல்ல இருக்குது பாருங்க."

எட்டிப் பார்த்தேன். இருந்தது. கோழியைப் போட்டுக் கவிழ்க்கிற மூங்கில் கூடை. தெற்கத்திக்காரர்கள் பஞ்சாரம் என்பார்கள். இந்தப் பக்கம் கொடாப்பு. பாதிப் பந்து மாதிரி உருவம், உடம்பெல்லாம் குறுக்கும் நெடுக்கும் கோடு. படத்தில் இருந்ததும் அதே பாதிப் பந்து, அதே கோடுகள். நிறம் மட்டும்தான் வெள்ளை.

சம்பவம் நடந்த இடம் காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் காரவல்லி அடிவாரத்துக்குப் போகவேண்டும். அதற்கப்புறம் 70 கொண்டை ஊசி வளைவு. வயிறு பத்திரம்.

என் சித்தி வீடு இந்த ஊர்தான். சித்தி மகளையும் உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்துவிட்டதால், அவளுடைய நாலு வயசு மகளுக்குப் பாதி நாள் அம்மாயி வீட்டில்தான் வாசம். இந்தத் தடவை சாக்லெட்டுக்குப் பதிலாக உருப்படியாக ஏதாவது வாங்கிப் போகலாமே என்று சென்னையில் ஒரு புத்தகக் கடையில் நுழைந்தேன். 'குழந்தையின் முதல் பட அகராதி, ஆங்கிலம் - தமிழ், ஆயிரம் சொற்கள்' என்று ஒன்று கிடைத்தது. தடித்த அட்டை, வழவழ தாள், 299 ரூபாய். பதிப்பாளர் பெயர் வேண்டாம். அதே அலமாரியில் இருந்த இன்னும் நாலைந்தையும் புரட்டிப் பார்த்துத்தான் இதை எடுத்தேன். அட்டைதான் வேறு வேறு. உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்று.

அன்று ராத்திரி பாப்பா தூங்கின பிறகு அகராதியை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் பார்த்தேன். நான் படித்தது பி.காம். மொழியியல் எல்லாம் தெரியாது. ஆனால் ஒரு பேரேட்டை எடுத்தால், என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்று தேடத் தெரியும்.

தேடினேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

முதலில் உறவுகள் பக்கம். பிரதர் - சகோதரன். சிஸ்டர் - சகோதரி. அங்கிள் - மாமா. ஆன்ட் - அத்தை. கிராண்ட்மதர் - பாட்டி. அவ்வளவுதான், குடும்பம் முடிந்தது. இந்தப் பக்கத்தைச் சாயங்காலமே பாப்பாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

"சகோதரன்னா யாருங் மாமா?"

"அண்ணன்தான்டா."

"அப்ப ஏன் அண்ணன்னு போடல?"

நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே சொல். தமிழில் வீட்டில் புழங்குகிற அப்படி ஒரு பொதுச்சொல் இல்லை. முன்னே பிறந்தவனா, பின்னே பிறந்தவனா என்று தெரியாமல் நம்மால் கூப்பிடவே முடியாது. மொழிபெயர்த்தவர் என்ன செய்தார்? ஆங்கிலக் கட்டத்துக்கு ஒரு மூடி தேடினார். சகோதரன் பொருந்தியது. எந்தக் குழந்தையும் 'சகோதரா, பந்தைப் போடு' என்று சொல்வதில்லை என்பது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. பலன், அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி, சித்தி, பெரியம்மா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் அகராதிக்கு வெளியே நிற்கிறார்கள். பாப்பாவின் அம்மாயியும் அவர்களோடு.

அடுத்து, செயல்கள். ரன் - ஓடுதல். ஜம்ப் - குதித்தல். ஸ்கேட் - சறுக்குதல். உலகத்தில் எந்தத் தமிழ்க் குழந்தையாவது முதல் முதலில் 'ஓடுதல்' என்று பேசியிருக்கிறதா? வா, போ, தா, குடி, உக்காரு என்றுதான் எல்லாரும் ஆரம்பித்தோம். தமிழ் வினைச்சொல்லின் வேரே இந்தக் கட்டளை வடிவம்தான். இலக்கணமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது, தொட்டிலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அகராதி மட்டும் 'தல்' விகுதியைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

சமையலறைக்குப் போனேன். டோஸ்டர், ஓவன், கெட்டில், ஃபோர்க். அம்மி, உரல், முறம் இல்லை என்று நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. அவை இருந்தால்தான் தமிழ் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் குக்கர்கூட இல்லை சார்! மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை, இட்லிச் சட்டி இல்லை. காளப்பநாயக்கன்பட்டியில் மட்டுமல்ல, மயிலாப்பூரிலும் அடுப்படியில் இருக்கிற எதுவுமே இல்லை.

'சீரியல் - தானியம்' என்று ஒரு கட்டம். படத்தில் ஒரு கிண்ணம் நிறைய பாலில் மிதக்கிற கார்ன்ஃப்ளேக்ஸ். இந்த ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைகிறது. சாமையிலேயே மல்லியசாமை, கட்டவெட்டிச் சாமை என்று ரகம் ரகமாகப் பேர் சொல்வார்கள் மலைவாசிகள். அந்த ரகங்கள் அழிந்துவிடாமல் காப்பாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷங்கள் அங்கே வேலை பார்த்திருக்கிறது. இந்தியா கேட்டு, ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியும் முடித்துவிட்டது. நம் குழந்தைக்குத் தானியம் என்றால் இன்னமும் அட்டைப்பெட்டியிலிருந்து கொட்டுகிற ஒன்றுதான்.

'டைகர்' படத்துக்குக் கீழே 'புளி' என்று இருந்தது. அச்சுப்பிழை என்று மன்னித்துவிடலாம். ஆனால் முதல் அகராதியில் ல, ள பிழை இருப்பது, முதல் தடுப்பூசியில் மருந்து மாறுவது மாதிரி.

இதெல்லாம் யாரோ வேண்டுமென்று செய்த சதி இல்லை. கணக்கு, அவ்வளவுதான். வண்ணப் புத்தகம் நாலு மையில் அச்சாகிறது: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. செலவு முழுக்கப் படத்தில். எழுத்து மட்டும் கறுப்புத் தகட்டில் இருந்தால், மற்ற மூன்று தகடுகளைத் தொடவேண்டாம். கறுப்பை மட்டும் மாற்றி, அதே படத்துக்கு இந்தி, தெலுங்கு, தமிழ், மலையாளம் என்று எத்தனை பதிப்பு வேண்டுமானாலும் போடலாம். உலகம் முழுக்க இப்படித்தான் பல படப் புத்தகங்கள் மொழி மாறுகின்றன. படம் போட்ட செலவு பத்து மொழியில் பங்கிடப்படுகிறது, விலையும் குறைகிறது. வியாபாரமாகப் பார்த்தால் நான் கைதட்டுவேன். ஆனால் விளைவு என்ன? முதலில் ஆங்கிலக் குழந்தையின் உலகம் வரையப்படுகிறது. பிறகு அதன்மேல் தமிழ் ஒட்டப்படுகிறது. தமிழ்க் குழந்தையின் உலகத்தை யாரும் வரையவே இல்லை.

சரி, நம் ஆட்கள் தமிழிலேயே போடுகிற அரிச்சுவடி அட்டை எப்படி? அதையும் பார்த்துவிடுவோம், நடுநிலை முக்கியம். அ - அம்மா, ஆ - ஆடு வரைக்கும் பிரமாதம். உ - உரல். சித்தி வீட்டு உரல் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன்மேல் பூந்தொட்டி. பாப்பாவைப் பொறுத்தவரை அது ஒரு ஸ்டூல். ஃ - எஃகு. அவள் சாப்பிடுகிற தட்டு, குடிக்கிற டம்ளர் எல்லாம் எஃகுதான், எவர்சில்வர் என்ற பேரில். அட்டையிலோ ஏதோ ஓர் இரும்புக் கம்பி. ஆங்கில அகராதி தூரத்தால் அந்நியம் என்றால், நம் அட்டை காலத்தால் அந்நியம். இரண்டுக்கும் நடுவில், இன்றைக்கு காளப்பநாயக்கன்பட்டியில் வாழ்கிற நாலு வயசுக் குழந்தைக்கு இடம் இல்லை.

ஏன் இவ்வளவு கவலை, குழந்தை எப்படியும் பேசிவிடும், படித்துவிடும் என்பீர்கள். பேசிவிடும். படிப்பதில்தான் சிக்கல். குழந்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 'க... ட்... டி... ல்' என்று தடவித் தடவிப் போய், கடைசியில் முகம் மலர்ந்து, 'அட, கட்டில்!' என்கிறதே, அந்த ஒரு கணம்தான் படிப்பு. எழுத்துகளைக் கூட்டினால் ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல் வந்து உட்காரவேண்டும். 'ச... கோ... த... ர... ன்' என்று கூட்டினால் யாரும் வந்து உட்காரமாட்டார்கள். 2022-ல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' என்று ஒரு பெரிய திட்டமே தொடங்கியது, மூன்றாம் வகுப்புக்குள் குழந்தைகள் புரிந்து படிக்கவேண்டும் என்பதற்காக. புரிந்து படிப்பதற்கு முதலீடு, வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்.

எங்கள் பாஷையில் இதற்கு 'ஆரம்ப இருப்பு' என்று பேர். புது வருஷக் கணக்கைத் திறந்தால் முதல் வரியில் போன வருஷ மிச்சத்தை எழுதவேண்டும். எழுதாமல், கடை இன்றைக்குத்தான் பிறந்தது மாதிரி புதுக் கொள்முதலை மட்டும் எழுதினால் அது கள்ளக் கணக்கு. நாலு வயசுக் குழந்தை அகராதியைத் திறக்கும்போது வெறும் கையோடு வரவில்லை. ஒரு மூட்டைச் சொல்லோடு வருகிறது. புத்தகம் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல், 'உன்னிடம் இருப்பது செல்லாது' என்கிறது. பாப்பா 'கொடாப்பு' என்றபோது, 'இல்லடா கண்ணு' என்றேனே, அப்போது நானும் அதைத்தான் சொன்னேன்.

பழைய ஆட்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் மனப்பாடம் செய்த நிகண்டு அகர வரிசையில் இல்லை. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை எடுத்துப் பாருங்கள்: தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று உலகம் இருக்கிற வரிசையில் தொகுதி தொகுதியாகப் போகும். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அகர வரிசை எதற்கு? 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்த பிறகுதான் நம் ஊரில் அகர வரிசை நிலைபெற்றது. தேடுவதற்கு அது வசதி. கற்பதற்கு?

ஐரோப்பாவிலும் இதே கதை. குழந்தைகளுக்கான முதல் படப் புத்தகம் என்று உலகம் சொல்வது கொமேனியஸ் என்ற பாதிரியார் 1658-ல் ந்யூரம்பர்க் நகரத்தில் வெளியிட்ட ஒன்றை. லத்தீனும் ஜெர்மனும் பக்கத்தில் பக்கத்தில், படத்தில் எண் போட்டு, எந்த எண் எந்தச் சொல் என்று காட்டியிருப்பார். அதில் எழுத்துகளை எப்படி அறிமுகப்படுத்துகிறார் தெரியுமா? காக்கை கத்துகிற சத்தம் ஒரு எழுத்து, ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் ஒரு எழுத்து. குழந்தையின் காது ஏற்கெனவே அறிந்ததிலிருந்து ஆரம்பம். ஆரம்ப இருப்பை முதல் வரியில் எழுதியவர்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்கேரி 1963-ல் போட்ட சொற்புத்தகமும் அகர வரிசை இல்லை. அடுக்களை, பண்ணை, கடைத்தெரு என்று இடம் இடமாக, முயலும் கரடியும் நடமாட, ஆயிரத்துக்கும் மேல் பொருள்கள். முதலில் அடுக்களையில் அம்மா முயல் மட்டும்தான் வேலை செய்தது. 1991 பதிப்பில் அப்பா முயலையும் அடுக்களைக்குள் அனுப்பினார்கள். வாழ்க்கை மாறினால் படமும் மாறவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கேயும் சண்டை நடந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் ஜூனியர் அகராதியின் 2007 பதிப்பில் மீன்கொத்தி, ஓக் மரக் கொட்டை மாதிரி இயற்கைச் சொற்கள் பலவற்றைத் தூக்கிவிட்டு, பிளாக், பிராட்பேண்ட் எல்லாம் சேர்த்தார்கள். இப்போதைய பிள்ளைகள் வயல்வெளியில் வளர்வதில்லையே என்பது பதிப்பாளர் பக்கத்து விளக்கம். 2015-ல் மார்கரெட் அட்வுட் உட்பட 28 எழுத்தாளர்கள் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். 2017-ல் ராபர்ட் மெக்ஃபார்லேனும் ஓவியர் ஜாக்கி மோரிஸும், விடுபட்ட மாதிரிச் சொற்களுக்காகவே ஒரு படப் புத்தகம் போட்டார்கள். யார் சரி என்பது இருக்கட்டும். ஒரு குழந்தை அகராதியில் எந்தச் சொல் இருக்கவேண்டும் என்று ஒரு தேசம் மல்லுக்கு நின்றதே, அதுதான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நம் குழந்தையின் அகராதியில் மீன்கொத்தியை யாரும் நீக்கவில்லை. முதலில் சேர்த்தால்தானே நீக்குவதற்கு!

நமக்குச் செய்யத் தெரியாது என்று இல்லை. கொங்கு நாட்டுக்காரர் பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968-லிருந்து 1976-க்குள் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. 1992-ல் க்ரியா, இன்றைய தமிழுக்கு ஓர் அகராதி தந்தது. கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் தொகுத்தார். இதே நாமக்கல்லில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி செய்தார். ஆராய்ச்சிக்காரருக்குக் கிடைத்தது நாலு வயசுக்காரருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

'அப்படியானால் இக்லூ வேண்டாமா? குழந்தை கிணற்றுத் தவளையாக இருக்கட்டுமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேண்டும். இக்லூவும் வேண்டும், டைனோசரும் வேண்டும். இருப்பை எழுதியபின் கொள்முதல் செய்யவேண்டாம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லமாட்டான். வேடிக்கை என்னவென்றால், இக்லூ என்ற சொல்லுக்கு அந்தப் பனிப்பிரதேச இனூயிட் மக்களின் மொழியில் வெறுமனே 'வீடு' என்றுதான் அர்த்தம். எந்த வீடாக இருந்தாலும். இன்றைக்கு அவர்கள் இருப்பதும் சாதாரண வீடுகளில்தான். ஆக, அந்த ஊர்க் குழந்தை இந்தப் படத்தைப் பார்த்தாலும் 'இது எங்கள் வீடு இல்லையே' என்றுதான் சொல்லும். நம் குழந்தையையும் கேட்கவில்லை, அந்தக் குழந்தையையும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பாப்பாவிடம் தோல்வியை ஒப்புக்கொண்டு வேறு மாதிரி ஆரம்பித்தேன். "நீ சொன்னது சரிதான்டா. கொடாப்பு மாதிரியேதான். ஆனா மூங்கில்ல பின்னாம, ஐஸ்ல கட்டினது. உள்ள மனுசங்க இருப்பாங்க."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அவங்கள யாருங் மாமா மூடி வெச்சாங்க?"

இக்லூவை இனி அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

'தமிழில் ஊருக்கு ஒரு பேர், எதைப் போடுவது?' என்று பதிப்பாளர் கேட்கலாம். உண்மையான கஷ்டம்தான். இந்தச் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் மரவள்ளி. இங்கே குச்சிக்கிழங்கு. கன்னியாகுமரிப் பக்கம் போனால் வேறு பேர். எல்லாவற்றையும் அச்சடிக்க முடியாது. வேண்டியதும் இல்லை. பொதுச்சொல்லைப் போட்டு, கீழே ஒரு கோடு விடுங்கள்: 'உங்கள் வீட்டில் இதற்கு என்ன பேர்?' அம்மாவோ அம்மாயியோ சொல்ல, யாராவது எழுதிக்கொள்ளட்டும். ஒரு கோட்டுக்கு மை செலவு எவ்வளவு ஆகிவிடும்?

அதுவரை வாங்குகிறவர்களுக்கு மூன்று பரீட்சை. கடையில் நின்றபடியே முடித்துவிடலாம். ஒன்று, உறவுகள் பக்கத்தில் அண்ணனும் தம்பியும் தனித்தனியாக இருக்கிறார்களா? இரண்டு, செயல்கள் பக்கத்தில் 'ஓடு' இருக்கிறதா, 'ஓடுதல்' இருக்கிறதா? மூன்று, அடுப்படிப் பக்கத்தில் உங்கள் வீட்டில் இருக்கிற மூன்று சாமான்களாவது தென்படுகிறதா? மூன்றிலும் தேறினால் வாங்குங்கள். இல்லையென்றால் 299 ரூபாய்க்கு ஒரு நோட்டும் கலர் பென்சிலும் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்முன் என் பங்குக்கு இக்லூ படத்தின் ஓரத்தில் பேனாவால் 'கொடாப்பு' என்று எழுதிவிட்டு வந்தேன். பாப்பா அதன் பக்கத்தில் ஒரு கோழி வரைந்தாள். அது கோழி என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது.